கேஸ் பெட்டிக்கு அடியில் போட்ட ஓட்டை

போன மாதம் பட்டறையிலிருந்து முருகேசன் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் வேலை பார்ப்பவன். வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். மாதம் ஒரு வண்டியாவது அந்த வேலைக்கு வந்துவிடுகிறதாம்.

"அண்ணே, கேஸ் பெட்டிக்கு அடியில ஓட்டை போடணுமா, வேணாமா? ஆளுக்கு ஒன்னு சொல்றாய்ங்க."

போட வேண்டும், ஆனால் எந்த இடத்தில் என்பதுதான் விஷயம் என்றேன். அந்த ஓட்டையால் ஒரு மனிதரை நான் கொல்லப் பார்த்த கதையைப் போனில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் செல்லூர்க்காரன். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அப்பாவும் அண்ணனும் தறியில் உட்கார்ந்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவரவில்லை, வெல்டிங் சத்தத்துக்குப் போனேன். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் எட்டு வருடம் தகரம் வெட்டினேன், ரிவெட் அடித்தேன், சீட்டுக்குச் சட்டம் போட்டேன். பிறகு குலமங்கலம் ரோட்டில் இருந்த ஒச்சப்பன் அண்ணன் பட்டறையில் சேர்ந்தேன். கடைசி வரைக்கும் அங்கேதான்.

ஒச்சப்பன் அண்ணனுக்குச் சோழவந்தான் பக்கம் வயல் இருந்தது. வயலைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் பட்டறை போட்டவர். முதலாளியும் அவரே, மேஸ்திரியும் அவரே. திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்கட்டி இருக்கும். சாயங்காலம் வேலை நடந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஒவ்வொரு இணைப்பையும் முஷ்டியால் குத்துவார், ஒவ்வொரு நட்டிலும் கட்டைவிரலை வைத்து நெருடுவார். பிடிக்காத இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். வட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

கேஸ் விஷயம் எனக்குத் தெரிய வந்தது ஒரு டிபன் வேனால். நாங்கள் கட்டிக்கொடுத்த வேன்தான். ஒருநாள் காலையில் அதன் சொந்தக்காரர் கதவைத் திறந்து தீக்குச்சி கிழித்தார். நெருப்பு அடுப்பில் பிடிக்கவில்லை, தரையோடு தண்ணீர் மாதிரி ஓடியது. இரண்டு காலும் முழங்கால் வரை வெந்துபோனது. சிலிண்டர் போடுகிறவர் பிறகு விளக்கினார்: கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, கீழேயே தேங்கிக் கிடக்கும். வெளியேற அடியில் வழி வேண்டும். நாங்கள் விடவில்லை. அதன்பிறகு கேஸ் சிலிண்டர் வைக்கிற எந்த வண்டிக்கும் பெட்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஓட்டை போடாமல் நான் விட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக்கு முன்னால் அந்த வேன் வந்தது. பட்டாளத்தில் ஏலம் விட்ட பெட்ரோல் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். கொண்டுவந்தவர் வில்லாபுரத்துச் செண்பகம் டீச்சர். புவியியல் டீச்சர், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தவர். அவருடைய கணவர் ராஜாங்கம் சார் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். மலையில் வண்டி கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பதினோரு வருடமாகச் சக்கர நாற்காலி.

"நான் ஓட்டுன ரோட்டையெல்லாம் இவளுக்குக் காட்டணும். இவ ஓட்டுவா, நான் படுத்துக்கிட்டு வழி சொல்லுவேன்" என்றார் சார்.

"இத்தன வருசமா பசங்களுக்கு மேப்புலதான் இமயமலையைக் காட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி" என்றார் டீச்சர்.

 ஒச்சப்பன் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து அரை மணி நேரம் பார்த்தார். எழுந்து, "ரெண்டு மாசம் ஆகும்" என்றார்.

அந்த இரண்டு மாதம் போல் நான் வேலை பார்த்ததில்லை. முதலில் காலி வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை பார்த்தோம். ஒரு சாமான் ஏற்றினால் மறுபடி எடை. தண்ணீர் டேங்கைப் பின் அச்சுக்கு முன்னால் தாழ்வாக வைத்தோம். உயரத்தில் வைத்தால் சரிவில் வண்டியைச் சாய்த்துவிடும். விளக்குக்கும் ஃபேனுக்கும் தனி பேட்டரி. அது தீர்ந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். ஓட்டுநர் பகுதிக்கும் பின்னறைக்கும் நடுவே தூசி வராமல் பலகைத் தடுப்பு, அதில் நகர்த்தித் திறக்கும் ஒரு கண்ணாடி ஜன்னல். வலது சுவரை ஒட்டி சாருக்குக் கட்டில். தலை பின்பக்கம், கால் முன்பக்கம். தலைமாட்டுக்கு எதிர்மூலையில் அடுப்பு, அதன்கீழ் கேஸ் பெட்டி. கூரையில் உள்காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் ஃபேன். பின் கதவில் நாற்காலி ஏற இரண்டு மடக்குப் பலகை.

இதில் மூன்று வேலையைக் கவனமாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, புகைக்குழாய். ஒச்சப்பன் அண்ணன் வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். இறங்கும்போது முதலில் தரையில் இடித்தது புகைக்குழாயின் வால்தான். ஆளில்லாத மலையில் கல் இடித்துக் குழாய் நசுங்கினால் என்ஜின் நின்றுபோகும். அதனால் வாலை வெட்டி, வண்டிக்கு அடியிலேயே முடியும்படி செய்தார். சரியான வேலைதான்.

இரண்டாவது, நான் போட்ட ஓட்டை. அதுவும் சரியான வேலைதான். ஆனால் பெட்டியின் கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டினால்தான் பெட்டிக்கும் அறைக்கும் தொடர்பு அறும். அந்த அளவு ரப்பர் கடையில் தீர்ந்திருந்தது. திங்கட்கிழமை வரும் என்றார்கள். சோதனை ஓட்டம் சனிக்கிழமை. சிலிண்டரே இன்னும் வைக்கவில்லை, காலிப் பெட்டிக்கு ரப்பர் எதற்கு என்று நினைத்தேன்.

மூன்றாவது, கூரை ஃபேன். உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளினால் வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். எங்கிருந்து வரும் என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். டீச்சர் ஓட்டினார், நான் பக்கத்தில். கட்டில் எப்படி இருக்கிறது என்று தானே பார்க்க வேண்டும் என்று சார் பின்னால் படுத்துக்கொண்டார். இடுப்புக்கும் காலுக்கும் பட்டை போட்டுக் கட்டினேன். "லக்கேஜ் ரெடி" என்று சிரித்தார்.

அலங்காநல்லூர் தாண்டிப் பெரியாறு கால்வாய்க் கரைக்கு வண்டியை இறக்கச் சொன்னேன். மேடு பள்ளத்தில் எது ஆடுகிறது, எது இடிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நாலு சக்கர இழுப்பைப் போட்டு முதல் கியரிலேயே ஊர்ந்தோம். புழுதி மேலே எழுந்தது. நடுக் கண்ணாடியை மூடினேன். பின் ஜன்னல்களை ஏற்கெனவே மூடியிருந்தோம். வெயிலுக்கு ஃபேனைப் போட்டுவிட்டிருந்தேன்.

என்ஜின் இரைச்சலுக்கு மேலே டீச்சர் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். எந்த ஊரில் தங்குவது, எந்தக் கணவாய் எந்த மாதம் திறக்கும் என்றெல்லாம். நான் தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். முன் இடது கதவு கிறீச். தண்ணீர் டேங்க் பட்டை தளர்வு. பின்னால் வலது பக்கம் டக் டக், டிராயர் கொக்கி?

நாற்பது நிமிடம் கழித்து ஒரு வாழைத்தோட்டத்துப் பக்கம் நிறுத்தினோம். டீச்சர் பின்கதவைத் திறந்து, "என்னங்க, எப்படி இருந்துச்சு?" என்றார்.

 சார் கண் பாதி திறந்திருந்தது. முகம் நல்ல ரத்தமாகச் சிவந்து, பார்க்க ஆரோக்கியமாகக்கூட இருந்தது. வாய் எதையோ சொல்ல முயன்றது, சொல்லாக வரவில்லை. தலையைத் தூக்கியதும் வாந்தி எடுத்தார். பட்டையை அவிழ்க்கத் தலையணைப் பக்கம் குனிந்தேன். தலையணையில் என்ஜின் புகை வாடை.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. முழுதாக அல்ல. ஆனாலும் தெரிந்துவிட்டது.

தூக்கிக் கொண்டுவந்து வாழை நிழலில் கிடத்தினேன். டீச்சர் பதறிக்கொண்டு, "வண்டியில போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றார்.

"வேணாம் டீச்சர். வேற வண்டி பார்ப்போம்."

"நம்ம வண்டிய வச்சுக்கிட்டு எதுக்கு வேற வண்டி? என்ன பேசுறீங்க!"

 கரையில் ஓடினேன். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நின்ற மினி லாரியின் டிரைவர் என் முகத்தைப் பார்த்தே ஸ்டார்ட் செய்தார். தார்களுக்கு நடுவே சாரைப் படுக்க வைத்து, திறந்த காற்றில் மதுரைக்கு வந்தோம். வழி நெடுக டீச்சர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். டீச்சர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தான் ஒருநாளும் கேட்டதில்லை என்று பிறகு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

ஊருக்குள் நுழைந்ததும் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கினோம். டாக்டர் இளைஞர். நாடி பார்த்தார், கண்ணில் விளக்கு அடித்தார்.

"எங்க இருந்து வாரீங்க?"

"அலங்காநல்லூர்ப் பக்கம் டாக்டர். வேன்ல படுத்திருந்தாரு" என்றார் டீச்சர்.

"இந்த வெயில்ல மூடுன வேனுக்குள்ளயா? வெயில் அடிச்சிருக்கு. ட்ரிப் போடலாம்."

நான் சுவரோரம் நின்றேன். வெயில் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அது வெயிலாகவே போய்விடும். திங்கட்கிழமை ரப்பர் ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது பத்து வயதில் ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன். அவர்கள் முகம்தான் வந்தது. நர்ஸ் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. இரண்டு நிமிடம் இருக்கலாம். அந்த இரண்டு நிமிடத்தை இன்றுவரை என்னால் யாருக்கும் சமாதானம் சொல்ல முடியவில்லை.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உள்ள ஃபேன் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? அப்புறம் எப்படி வெயில் அடிக்கும்?"

ஃபேன். காற்று எங்கிருந்து வந்தது என்பது அப்போது எனக்குப் படம் போட்ட மாதிரி தெரிந்தது. எல்லாக் கதவும் ஜன்னலும் மூடியிருக்க, ஃபேன் மேலே இழுக்க இழுக்க, என் ஓட்டை ஒன்றுதான் வழி. அதற்கு இரண்டு அடி தள்ளி வெட்டிய புகைக்குழாய்.

"டாக்டர், வெயில் இல்ல. பெட்ரோல் வண்டிப் புகை. முக்கால் மணி நேரம் உள்ள போயிருக்கு. நான் போட்ட ஓட்டை வழியா."

டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கத்தினார்: "சிஸ்டர், ஆக்ஸிஜன்! முழுசாத் திறந்து வைங்க!"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நாலு மணி சுமாருக்குச் சார் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். இன்னும் கால் மணி நேரம் உள்ளே இருந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். முகம் அப்படிச் சிவந்ததும் அந்தப் புகையால்தான் என்றார்.

மறுநாள் ஞாயிறு. ஒச்சப்பன் அண்ணனும் நானும் போய் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். ஜன்னல்களை மூடி ஃபேனை ஓடவிட்டார். ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி வண்டிக்கு அடியில் புகைக்குழாயின் வாயருகே பிடித்தார். நான் உள்ளே இருந்து பார்த்தேன். காலிப் பெட்டியின் கதவு இடுக்கு வழியே புகை சுருண்டு வந்து, கட்டில் தலைமாட்டைத் தடவிக்கொண்டு கூரைக்குப் போனது.

அவர் வெளியே வந்து சாக்கட்டியை எடுத்தார். புகைக்குழாயின் வெட்டு வாயைச் சுற்றி ஒரு வட்டம். கேஸ் பெட்டியில் ஒரு வட்டம்.

"ஒன்னு என்னோடது, ஒன்னு உன்னோடது" என்றார். வட்டத்துக்கு அவர் விளக்கம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வாரம் வேலை. குழாயை நீட்டி, கல் இடிக்காத உயரத்தில் வளைத்து, வண்டியின் பின் விளிம்புக்கு வெளியே கொண்டுபோனோம். கேஸ் பெட்டியின் தரை ஓட்டையை அடைத்து, பெட்டியின் அடியை ஒட்டி வெளிச்சுவரில் புது வழி விட்டேன். ரப்பர் ஒட்டினேன். ஃபேனுக்குக் காற்று வர, முன்பக்கம் உயரத்தில் தனி வழி வைத்தோம்.

அடுத்த ஞாயிறு காலை, அதே கால்வாய்க் கரை. நான் ஓட்டினேன். பின்னால் யார் படுப்பது என்று நான் கேட்குமுன் அண்ணன் ஏறிவிட்டார்.

"காலைக் கட்டு" என்றார்.

"எதுக்குண்ணே?"

"அவரு மாதிரி படுக்கணும்ல. கட்டு."

கட்டினேன். கையில் ஒரு ஸ்பேனர் வைத்துக்கொண்டார். "அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தட்டுவேன். தட்டலைன்னா நிப்பாட்டு."

நடுக் கண்ணாடியை மூடினேன். ஃபேன் போட்டேன். அதே முதல் கியர். கண் பாதையிலும் கைக்கடிகாரத்திலும் மாறி மாறிப் போனது. என் காது முதுகுக்குப் பின்னால் இருந்த தடுப்புப் பலகையில். ஐந்து நிமிடம். தட்டவில்லை. ஆறு. ஏழு. பின்னால் எங்கோ ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அது தட்டு இல்லை.  பிரேக்கை மிதித்து, குதித்து ஓடிப் பின்கதவை இழுத்தேன்.

அண்ணன் முழு நினைவோடு படுத்திருந்தார். முகம் எப்போதும்போல் கறுப்பாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"ஏண்ணே தட்டல?"

"தட்டிக்கிட்டேதான்ப்பா இருக்கேன். உனக்குக் கேக்கலையா?"

கையை நீட்டிக் காட்டினார். காலைக் கட்டிய பிறகு தடுப்புப் பலகைக்குக் கை எட்டவில்லை. எட்டியது வலது பக்கச் சுவர் மட்டும்தான். அதில்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். முன்னால் என் காதுக்கு அது ஏதோ ஆடுகிற சத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது.

போன வாரத்துத் தாள் என் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்துப் பிரித்து அவரிடம் கொடுத்தேன். பின்னால் வலது பக்கம் டக் டக், டிராயர் கொக்கி?

அவர் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். காலைக் கட்டியிருந்ததை மறந்து எழப் பார்த்து, முடியாமல் மறுபடி சாய்ந்தார். "கோவிந்தா, நேரா வில்லாபுரம் விடு" என்றார்.

சார் சக்கர நாற்காலியில் வாசலிலேயே இருந்தார். டீச்சர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போனவர், பிறகு கதவருகே வந்து நின்றார். ஒச்சப்பன் அண்ணன் உட்காரவில்லை.

"சார், அன்னைக்கு நீங்க சுவத்துல தட்டுனீங்களா?"

"தட்டுனேன்."

"எங்க ஆளு காதுல விழுந்துருக்கு. டிராயருன்னு நெனச்சுப்புட்டான். தப்பு எங்களது. உங்களப் படுக்க வச்சோம், கூப்பிட வழி வைக்கல. ஒரு மணி வைக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்துல சுவுச்சு, டீச்சர் காதுகிட்ட மணி."

"இன்னும் இந்த வண்டி வேணுமா?" என்றார் டீச்சர்.  "நான் முன்னாடி உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு வந்திருக்கேன். இவரு பின்னாடி தட்டிக்கிட்டு இருந்திருக்காரு."

"செண்பகம், போறதா இல்லையாங்கறதப் பேச அவுக வரல. மணி எங்க வைக்கிறதுன்னு கேக்க வந்திருக்காக" என்றார் சார். பிறகு என்னைப் பார்த்தார். "சுவுச்ச எங்க வைக்கப் போறீங்க?"

"வலது பக்கம் சார். சுவர் இருக்கு, ஒயர் கொண்டுவர வாகா இருக்கும்."

"இடது பக்கம் வைங்க."

"இடது பக்கம் நடக்கிற வழி. கட்டில் சட்டத்துலதான் குடையணும்."

"குடைங்க. அன்னைக்கு என் வலது கைதான் மொதல்ல போச்சு. இடது கை இன்னும் கொஞ்ச நேரம் இருந்துச்சு. அதுக்குத் தட்ட ஒன்னுமே கெடைக்கல."

 டீச்சர் வந்து அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். "நாளைக்கே வேலையை ஆரம்பிங்க" என்றார் என்னைப் பார்த்து. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

கட்டில் சட்டத்தில் குழி எடுத்து, பெரிய பொத்தானாகத் தேடி வாங்கி, இடது கை தானாக விழும் இடத்தில் வைத்தேன். சிவப்பு பெயின்ட் அடித்தேன். வடக்கே மழை ஓய்ந்த சமயமாகப் பார்த்துக் கிளம்பினார்கள். நாலு மாதம் கழித்து வண்டி சர்வீசுக்குப் பட்டறைக்கு வந்தது. உள்ளே ஏறிப் பார்த்தேன். பொத்தானில் பெயின்ட் போய் வெறும் இரும்பு தெரிந்தது. 

"என்ன சார், இம்புட்டுத் தடவை அமுக்கியிருக்கீங்க? உடம்புக்கு ஏதாவது..."

"உடம்புக்கு ஒன்னுமில்ல" என்றார் சார். "மலை நல்லா தெரியற எடம் வந்தா அமுக்குவேன். நிப்பாட்டுவா. எறங்கிப் பார்ப்பா."